பவர் பேங்க் பையிலேயே கிடக்கட்டும்: நெடுந்தூர விமானத்தில் சார்ஜ் கணக்கு

சென்னையிலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ 4 மணி நேரம், அங்கிருந்து நியூயார்க்கிற்கு 14 மணி நேரம். மீனம்பாக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, துபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது, இறங்கியபின் குடிவரவு வரிசை எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும். இத்தனை நேரத்துக்கும் போனை உயிரோடு வைத்திருக்கப் பலரும் நம்பியிருந்தது 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைத்தான். இருக்கையில் உட்கார்ந்ததும் அதை எடுத்துப் போனில் செருகுவது பழக்கமாகவே ஆகியிருந்தது. 2025-இல் அந்தப் பழக்கத்துக்கு விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன.

தாய் ஏர்வேஸ் மார்ச் 15 முதலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், மலேசியா ஏர்லைன்ஸ் ஆகியவை ஏப்ரல் 1 முதலும், கேத்தே பசிபிக் ஏப்ரல் 7 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தக் கூடாது என்றன. எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-மணிக்குள் (பேட்டரி தாங்கும் மின்சாரத்தின் அளவு; கணக்கு பின்னால் வரும்) இருக்க வேண்டும். மேலே உள்ள லாக்கரிலும் வைக்கக் கூடாது, முன்சீட்டுப் பையிலோ காலடிப் பையிலோதான் இருக்க வேண்டும். இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவும் இதே தடையைக் கொண்டுவந்துவிட்டது. பவர் பேங்க்கிலிருந்து போனுக்கு ஏற்றுவது மட்டுமல்ல, விமானத்து யுஎஸ்பியிலிருந்து பவர் பேங்க்குக்கு ஏற்றுவதும் இந்தத் தடைக்குள் அடங்கும். பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதில்தான்.

எல்லாவற்றுக்கும் உடனடித் தூண்டுதல் 2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நடந்தது. ஹாங்காங் புறப்படவிருந்த ஏர் பூசான் ஏ321 விமானத்தின் பின்பகுதியில், மேல் லாக்கருக்குள் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறிவிட்டார்கள். விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் ஒன்றுக்குள் மின்காப்பு பழுதாகியிருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் மார்ச்சில் சொன்னது. விமானம் தாமதமானதால் அது தரையில் நின்றது. புறப்பட்டு அரை மணி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் ஆசிய நிறுவனங்களை அசைத்தது. மார்ச் 1 முதல் கொரிய விமானங்களில் பவர் பேங்க்கை மேலே வைக்கத் தடை வந்தது.

போனிலும் லேப்டாப்பிலும் இருப்பதும் லித்தியம் பேட்டரிதானே, பவர் பேங்க்கிடம் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்கலாம். போனுக்குள் வெப்பத்தைக் கண்காணிக்கும் சில்லு உண்டு, சூடானால் அதுவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். பவர் பேங்க் சந்தையில் விலைக்கு விலை பாதுகாப்புச் சுற்று மாறும். ரயிலடியில் 400 ரூபாய்க்கு வாங்கியதில் அது பெயரளவுக்குத்தான் இருக்கும். பேட்டரியின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. கீழே விழுந்து நசுங்கியோ, தயாரிப்பில் உலோகத் துகள் புகுந்தோ, அளவுக்கு மீறி ஏற்றியோ அந்தப் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் வேதிப்பொருள் சிதைந்து மேலும் சூட்டைத் தரும், அது பக்கத்து செல்லையும் பற்றவைக்கும். இந்தச் சங்கிலி ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

பவர் பேங்க்கை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது என்ற பழைய விதியும் இதிலிருந்துதான் வருகிறது. சரக்கறையில் ஹாலோன் வாயு பாய்ச்சித் தீயை அணைக்கும் ஏற்பாடு உண்டு. அது சுவாலையை அடக்கும். செல்லுக்குள் ஓடும் வெப்பச் சங்கிலியை அதனால் நிறுத்த முடியாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யுபிஎஸ் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம் லித்தியம் பேட்டரிச் சரக்கில் பிடித்த தீயால் விழுந்தது, விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றவே தடை. பயணியறையில் என்றால் புகை கண்ணில் படும், ஊழியர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க முடியும். மேல் லாக்கருக்குள் மூன்று பெட்டிகளுக்கு அடியில் என்றால் அது தாமதமாகும். கண் பார்வையிலும் கை எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் புது விதிகளின் சாரம்.

இனி அந்த 100 வாட்-மணி. பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்ஏஎச் எண்ணை 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-மணி வரும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74, 26,800 என்றால் 99. கடைகளில் 26,800 என்ற விநோத எண் புழங்குவதற்கு இந்த வரம்புதான் காரணம். 30,000 என்றால் 111. பொது விதிப்படி 100 முதல் 160 வரை உள்ளவற்றுக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதிகபட்சம் இரண்டு. 160-ஐத் தாண்டினால் பயணிக்கு அனுமதியே இல்லை. பெரிய லேப்டாப் செய்கிறவர்களும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள்: 16 அங்குல மேக்புக் புரோவின் பேட்டரி 100 வாட்-மணியை ஒட்டியே இருக்கும்.

பெருக்கும்போது 5 வோல்ட்டைப் போடக் கூடாது, 3.7 தான் செல்லின் வோல்ட்டேஜ். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கின் முதுகில் பொடி எழுத்தில் ‘5 வோல்ட்டில் 6,000’ என்று இருந்தால் அது ஏமாற்று அல்ல; 3.7-ஐ 5-ஆக உயர்த்தும்போது வரும் எண்ணும் இழப்பும் சேர்ந்தது அது. ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. 50,000 எம்ஏஎச் என்று எழுதி மலிவாக விற்பதை உடைத்தால் உள்ளே அதில் கால்வாசி கூட இருக்காது. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் உடைத்துப் பார்க்க மாட்டார், எழுத்தைத்தான் படிப்பார். எழுத்துப்படி அது 185 வாட்-மணி, குப்பைத்தொட்டிக்குப் போகும். எழுத்தே அழிந்துபோயிருந்தாலும் பறிபோகலாம், ஆகவே லேபிள் தெளிவாக உள்ளதையே எடுத்துச் செல்லுங்கள். தட்டையான உறை வகை லேசாக உப்பியிருந்தால், மேஜையில் வைத்துச் சுழற்றினால் சுற்றுகிறது என்றால், உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. அதை வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது.

பவர் பேங்க் இல்லையென்றால் இருக்கையில் என்ன கிடைக்கும்? பலருக்கும் ஏமாற்றம் தருவது திரைக்குக் கீழே இருக்கும் யுஎஸ்பி. பழைய விமானங்களில் அது 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். 5,000 எம்ஏஎச் போனின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி. கேபிளிலும் போனிலும் வீணாவதைக் கழித்தால், திரையை அணைத்து வைத்தாலே முழுதாக ஏற ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். படம் பார்த்துக்கொண்டே செருகியிருந்தால் உள்ளே வருவதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும், சதவீதம் மிக மெதுவாகத்தான் நகரும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 2.1 ஆம்பியர் தரும் வாயில் என்றால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிய விமானங்களில் டைப்-சி வாயில் வந்திருக்கிறது, சிலவற்றில் 60 வாட் வரை கிடைக்கும்; லேப்டாப்பே அதில் ஏறும்.

இந்த இடத்தில் பழைய கேபிள் ஒன்று தேவைப்படும். இப்போது போனோடு வருவது இரு முனையும் டைப்-சி. பல விமானங்களில் இன்னும் அகலமான பழைய ஏ வாயில்தான். ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிள் ஒன்று பையில் இல்லையென்றால் 14 மணி நேரம் வாயிலைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். குட்டையாக, தடிமனாக இருந்தால் நல்லது; இரண்டு மீட்டர் நீள மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே குறையும், ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வருவது இன்னும் சொட்டாகும். செருகியதும் ‘இந்தக் கருவியை நம்பலாமா’ என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சார்ஜ் அப்போதும் ஏறும்.

யுஎஸ்பியைவிட நம்பகமானது பிளக் பாயிண்ட். விமான ஜெனரேட்டர் தருவது பொதுவாக 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தருகிறது. சார்ஜரில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதும். 220 மட்டும் போட்டிருக்கும் மலிவான டிரிம்மர் சார்ஜர் வேலை செய்யாது. எகானமியில் மூன்று இருக்கைக்கு இரண்டு பாயிண்ட் என்பதுதான் பல விமானங்களில் கணக்கு. இருக்கைகளுக்கு நடுவே, முழங்காலுக்கும் கீழே இருக்கும். விளக்கு எரியும்போதே, ஏறி உட்கார்ந்தவுடன் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பக்கத்துச் சீட்டுக்காரரின் காலைத் தடவ வேண்டியிராது.

செருகியும் பச்சை விளக்கு எரியவில்லை என்றால் பாயிண்ட் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். குழந்தைகள் குச்சியை விட்டு ஷாக் வாங்காதபடி, பல விமானங்களில் பிளக்கின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போனால்தான் மின்சாரம் திறக்கும். சாய்வாக, ஒரு முனை முந்தி ஒரு முனை பிந்திச் செருகினால் திறக்காது. முழுதாக வெளியே எடுத்து, சில விநாடி விட்டு, நேராக ஒரே அழுத்தில் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஊழியரிடம் சொன்னால் அந்த வரிசையை மறுபடி இயக்கிவைப்பார். மொத்த மின்சுமைக்கும் வரம்பு உண்டு என்பதால், எல்லோரும் செருகிய நேரத்தில் கடைசியாக வந்தவருக்குக் கிடைக்காமல் போவதும் நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் தூங்கியதும் கிடைத்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிறுவனங்கள் அதை அணைத்தே வைக்கின்றன.

இன்னொரு தொல்லை, பிளக் நிற்காமல் விழுவது. பல நாட்டு முனைகளுக்கும் பொதுவாகச் செய்த துளைகள், தினமும் நூறு கை பட்டுத் தளர்ந்திருக்கும். நம் ஊர் இரண்டு உருண்டை முனைச் சார்ஜர் அதில் தொங்கும், கனமான அடாப்டர் விழுந்தேவிடும். தடித்த எர்த் முனையுள்ள நம் மூன்று முனைப் பிளக் நுழையாது. அமெரிக்கத் தட்டை முனைதான் பெரும்பாலும் இறுகப் பிடிக்கும். சுவரில் நேராகப் பொருந்தும் சார்ஜரைவிட, நடுவில் குட்டை ஒயர் உள்ள சார்ஜர் இங்கே கெட்டிக்காரத்தனம். பிளக்கின் எடை குறைவு, பெட்டி மடியில் கிடக்கும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு எண் முக்கியம்: அந்தப் பாயிண்ட் பொதுவாக 75 முதல் 100 வாட் வரைதான் தாங்கும். கேமிங் லேப்டாப்பின் 180 வாட் அடாப்டரைச் செருகினால் ஒரு நிமிடம் ஏறும், பிறகு அணையும், மறுபடி வரும், மறுபடி அணையும். டைப்-சியில் ஏறும் லேப்டாப் என்றால் 65 அல்லது 45 வாட் சிறு சார்ஜரைக் கொண்டுபோங்கள். லேப்டாப் அதற்கேற்பக் குறைத்து வாங்கிக்கொள்ளும், மெதுவாக ஏறினாலும் அறுபடாது. டைப்-சி இல்லாத பழையதென்றால் அணைத்துவிட்டு ஏற்றுங்கள், வேலையும் சார்ஜும் ஒன்றாக நடந்தால்தான் வரம்பு தாண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. விமானத்தில் போனுக்கு உண்மையில் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. ஏரோப்ளேன் மோடில், பாதி வெளிச்சத்தில், முன்பே இறக்கிவைத்த படத்தைப் பார்த்தால் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை வாட்-மணி போகும். முழு சார்ஜில் ஏறியவர் பத்து மணி நேரம் படம் பார்த்தாலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பேட்டரியைத் தின்பது ஏரோப்ளேன் மோடைப் போட மறப்பதுதான்: 35,000 அடியில் கோபுரம் கிடைக்காமல் போன் தன் முழு சக்தியில் தேடிக்கொண்டே இருக்கும், இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தேடும். ஹெட்போனுக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் ஒயர் வைத்திருந்தால் அதற்கும் சார்ஜ் தேவையில்லை, விமானத் திரையிலும் செருகலாம்.

குழந்தைகளின் டேப்லெட் விஷயம் வேறு. சாதாரண ஐபேடின் பேட்டரி 28 வாட்-மணிக்கு மேல். 2.5 வாட் யுஎஸ்பியில் செருகினால் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்றே காட்டும். அதற்குப் பிளக் பாயிண்ட்டை ஒதுக்கிவிட்டு, போனை யுஎஸ்பிக்கு விட்டுவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்று செலுத்தும் சிபேப் கருவி வைத்திருப்பவர்கள் பிளக் பாயிண்ட்டை மட்டும் நம்பக் கூடாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஏற்கும் பேட்டரியைக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் சூடாக்கி ஈரம் தரும் பகுதியை அணைத்துவைத்தால் மின்தேவை பெருமளவு குறையும்.

ஆகவே பவர் பேங்க்குக்கு மிஞ்சிய வேலை தரையில்தான்: மீனம்பாக்கத்தில், துபாயில், இறங்கியபின் டாக்ஸி தேடும்போது. 20,000 எம்ஏஎச்சின் 74 வாட்-மணியில் இழப்புப் போக 60 கிடைக்கும், போனை மூன்று முறை நிரப்பலாம். இதை ஏற்ற 18 வாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் புறப்படும் அன்று காலை ஞாபகம் வந்து பயனில்லை, முந்தைய இரவே போட வேண்டும். அதே இரவு போனின் செட்டிங்கையும் பாருங்கள். பேட்டரி நீடிக்க 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டிருந்தால் அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுங்கள், ஐந்தில் ஒரு பங்கு சும்மா போகக் கூடாது.

துபாயிலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் சுவரில் இருப்பது பிரிட்டிஷ் சதுர முனை. அடாப்டர் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போனால் பயனில்லை. காத்திருப்பு 40 நிமிடம்தான் என்றால் ஒரு கருவியை நூறு வரை கொண்டுபோக முயலாதீர்கள். 80-க்கு மேல் லித்தியம் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு கருவியைப் பாதி நிரப்பிவிடலாம். இரண்டு வாயில் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று இருந்தால் இந்தத் திட்டம் சுலபம்.

சோதனைகளில் சிக்கும் இடங்களும் சில உண்டு. அமெரிக்காவுக்கு நேரடியாகப் புறப்படும் சில விமான நிலையங்களில் லேப்டாப்பையும் போனையும் ஆன் செய்து காட்டச் சொல்வார்கள். 2014 ஜூலையில் வந்த விதி இது, உயிரில்லாத கருவியை ஏற்ற மறுக்கலாம். ஏறும் வாசலில் ‘லாக்கர் நிரம்பிவிட்டது, கைப்பெட்டியைக் கீழே அனுப்புகிறோம்’ என்று டேக் மாட்டினால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்க்கை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எல்லோரும் மறப்பது இது. குவாங்சோ, யிவு என்று சரக்கெடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச்சான்று) இல்லாத பவர் பேங்க்குக்கு இடமில்லை. நம் ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. சீனாவுக்குள் நுழையும்போது பிரச்சினை வராது, உள்ளே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறக்கும்போது வாசலிலேயே போய்விடும். அங்கே போய் வாங்கிக்கொள்வதே மேல்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. மோட்டாரில் நகரும் பிசினஸ் கிளாஸ் இருக்கை போனை மடக்கி நொறுக்கிவிடும், முன்னே சொன்ன படலம் கிழிவது அங்கேதான். பொத்தானைத் தொடாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள், அவர்கள் இருக்கையைக் கழற்றி எடுப்பார்கள். எந்தக் கருவியாவது கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, உப்பினாலோ, இனிப்பு கலந்த கார நெடி வந்தாலோ ஒயரைப் பிடுங்கிவிட்டு உடனே சொல்லுங்கள்; துணியில் சுற்றவோ பைக்குள் ஒளிக்கவோ வேண்டாம். பனிக்கட்டியையும் வைக்கக் கூடாது, அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஊழியர்கள் சுவாலையை அணைத்துவிட்டுத் தண்ணீரையோ வேறு குளிர்பானத்தையோ தாராளமாக ஊற்றிக் குளிர வைப்பார்கள்.